293318625600: காரணிகள் 112ஆ, 2520ஆ, 5040ஆ?

கொருக்குப்பேட்டை டியூஷன்:

பிளஸ் ஒன் பசங்க கணக்கு மன்றத்துக்கு ஒரு சார்ட் போடுறாங்க. ஒரே ஒரு பெரிய எண், அதோட குணங்கள் மட்டும். எடுத்த எண் 293318625600. தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண்களுக்கு ‘ஹைலி காம்போசிட்’னு பேர் வச்சு ராமானுஜன் 1915ல அட்டவணை போட்டார் இல்லையா, அந்த அட்டவணையில விடுபட்டுப்போன எண் இதுதான்.

காரணி எத்தனைன்னு பார்க்க மூணு பேர் சி மொழியில தனித்தனியா புரோகிராம் எழுதினாங்க. முதல் புரோகிராம் 112னு சொல்லுது. இரண்டாவது முடியவே மாட்டேங்குது. ரொம்ப நேரம் ஓடி ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்’னு விழுது, ஆனா அதுல தசமக் கணக்கே கிடையாது. மூணாவது 2520. விடுபட்டதையும் சேர்த்த இப்போதைய பட்டியல்ல 5040னு இருக்கு. எது சரி, மத்தது ஏன் தப்பு?

இன்னொண்ணு. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் 5040 காரணி கிடையாதுன்னு எப்படி நிறுவுறது? 29 ஆயிரம் கோடி எண்ணையும் ஒவ்வொண்ணா சோதிக்க முடியாதே.

சார்ட்ல வேற என்ன எழுதலாம்னும் சொல்லுங்க. பார்க்கிறவங்க உட்கார்ந்து சரிபார்க்கக்கூடியதா இருக்கணும்.


மிண்ட் முனை:

5040தான் சரி. மற்ற மூன்றும் என்ன தப்பு என்று கோடைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், மூன்றுமே அடிக்கடி பார்க்கிற வியாதிகள்.

112 வந்தவர் எண்ணை ‘இன்ட்’டில் வைத்திருக்கிறார். 32 பிட் இன்ட்டில் அதிகபட்சம் 2147483647 வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் போனால் 4294967296இன் மடங்குகள் கழிந்து மீதிதான் நிற்கும். 293318625600இலிருந்து அதை 68 தடவை கழித்தால் 1260849472. கெட்ட நேரம், இது நேர்ம எண். மைனஸில் வந்திருந்தால் பையனுக்கு உடனே சந்தேகம் வந்திருக்கும். இந்த மீதியைப் பகாக் காரணிப்படுத்தினால் 2⁶ × 17 × 29 × 89 × 449. காரணிகள் 7 × 2 × 2 × 2 × 2 = 112. ஆக, புரோகிராம் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது, எண்தான் வேறு. எண்ணைக் கோடுக்குள்ளேயே எழுதியிருந்தால் கம்பைலர் ஓவர்ஃப்ளோ என்று எச்சரித்திருக்கும். அந்த வரியை யார் படிக்கிறார்கள்!

மாற்றும்போது ‘லாங்’ என்று போட்டு நிறுத்தாதீர்கள். லினக்ஸ் 64 பிட்டில் அது 64 பிட், விண்டோஸில் 32 பிட்தான். வீட்டில் சரியாக ஓடியது லேபில் தப்பாக ஓடும். ‘லாங் லாங்’ போடுங்கள், உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் அதற்குரிய குறியீட்டையே கொடுங்கள்.

முடியாமல் ஓடுகிறவர் எண்ணை லாங் லாங் ஆக்கிவிட்டு, லூப் எண்ணி ‘ஐ’யை இன்ட்டாகவே விட்டிருக்கிறார். ‘ஐ × ஐ ≤ என்’ வரை ஓடு என்பது நிபந்தனை (‘என்’ நம் எண்). ஐ 46340 வரை நல்லபடியாகப் போகும். 46341 × 46341 = 2147488281, எல்லையை 4634 தாண்டிவிட்டது; அது −2147479015 என்று மாறும். இன்ட்டில் எந்தப் பெருக்கல் செய்தாலும் விடை 214 கோடியைத் தாண்டாது, என் என்பதோ 29 ஆயிரம் கோடி. நிபந்தனை எப்போதும் உண்மை. ஐ மேலே மேலே போய், மைனஸ் பக்கம் விழுந்து, அங்கிருந்து ஏறி 0க்கு வரும். 0ஆல் வகுத்தால் லினக்ஸ் கொடுக்கிற செய்தியின் பெயர்தான் ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன். முழு எண் வகுத்தலுக்கும் அதே பெயர்தான். பெயர் வைத்தவரைக் கேட்க வேண்டிய கேள்வி. ஐயையும் லாங் லாங் ஆக்குங்கள், அல்லது நிபந்தனையை ‘ஐ ≤ என் ÷ ஐ’ என்று எழுதுங்கள். 541588 சுற்றில் முடிந்துவிடும்.

2520 வந்தவர் மூன்று பேரில் கெட்டிக்காரர். பகா எண்களால் வகுத்துக்கொண்டே போகும் முறையைப் பிடித்திருக்கிறார், கடைசிப் படியில் சறுக்கிவிட்டார். அவர் புரோகிராம் போகிற பாதை இது: 2ஆல் ஆறு தடவை வகுத்தால் 4583103525. 3ஆல் நான்கு தடவை, 56581525. 5ஆல் இரண்டு தடவை, 2263261. 7ஆல் இரண்டு தடவை, 46189. 11ஆல் 4199, 13ஆல் 323, 17ஆல் 19. இந்த இடத்தில் மீதி 19. வகுக்கும் எண்ணின் வர்க்கம் அதைவிடப் பெரிது, லூப் நின்றுவிடும். மிச்சம் நிற்கிற 19 ஒரு பகா எண். ‘மீதி 1ஐ விடப் பெரிதாக இருந்தால் எண்ணிக்கையை 2ஆல் பெருக்கு’ என்ற ஒரு வரி விட்டுப்போனால் விடை சரிபாதியாகிவிடும். 5040இல் பாதி 2520.

யாராவது ‘ஃப்ளோட்’ போட்டால் 293318623232 என்று வரும், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்த அளவு எண்களில் ஃப்ளோட் 32768 இடைவெளியில்தான் அடியெடுத்து வைக்கும். ‘டபுள்’ இந்த எண்ணைத் துல்லியமாகத் தாங்கும்.


எருக்கஞ்சேரி கார்னர்:

இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு 15! எடுத்துக்கலாமே. 1ல இருந்து 15 வரை எல்லாத்தையும் பெருக்கினது, இதைவிடப் பெரிசு, காரணியும் கட்டாயம் ஜாஸ்தி இருக்கும். இல்ல இதேதான்னா, 1 முதல் 30 வரை எல்லாத்தாலயும் வகுபடும்னு பெருசா போடலாம்.


தேரடி கணக்கர்:

இரண்டும் சரியில்லை நண்பரே. ஆனால் இரண்டிலிருந்தும்தான் விஷயம் ஆரம்பிக்கிறது.

15! = 1307674368000. நம் எண்ணைப்போல் கிட்டத்தட்ட நாலரை மடங்கு. பகாக் காரணிகள் 2¹¹ × 3⁶ × 5³ × 7² × 11 × 13. காரணிகளின் எண்ணிக்கை 12 × 7 × 4 × 3 × 2 × 2 = 4032. நாலரை மடங்கு பெரிய எண்ணுக்கு ஆயிரத்துச் சொச்சம் காரணி குறைவு. காரணம், பதினொரு 2களைக் குவித்து வைத்திருக்கிறது. பதினோராவது 2 எண்ணை இரண்டு மடங்காக்குகிறது, காரணிகளையோ 11லிருந்து 12 பங்காகத்தான் கூட்டுகிறது. வீண் செலவு.

எதிர்ப்பக்கம் போய், எல்லாப் பகா எண்ணையும் ஒவ்வொரு தடவை மட்டும் போட்டால்? 2 முதல் 31 வரை பதினொரு பகா எண்களின் பெருக்கல் 200560490130. காரணிகள் 2¹¹ = 2048தான். இதுவும் வீண்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. நடுவழி இதுதான்.

வகுபடுதலுக்கு வருவோம். 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் வகுபடும், 23ஆல் வகுபடாது. 24 முதல் 28 வரை மறுபடி வகுபடும், 29ஆல் வகுபடாது. 1 முதல் 22 வரையான எண்களின் மீச்சிறு பொது மடங்கு 232792560. நம் எண் அதைப்போல் சரியாக 1260 மடங்கு. சார்ட்டில் ‘22 வரை’ என்றே போடுங்கள். அந்த 23 இல்லாததுதான் இந்த எண்ணின் முழுக் கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரிபார்க்கக்கூடிய குணங்கள் என்றால் எனக்குப் பிடித்தவை:

நம் எண் = 2520² × 46189. முதல் நான்கு பகா எண்களின் அடுக்குகள் 6, 4, 2, 2 என எல்லாமே இரட்டை, அதனால் அவை சேர்ந்து முழு வர்க்கம். மீதி 11 × 13 × 17 × 19 = 46189. 2520 என்பது 1 முதல் 10 வரையான எண்களின் மீச்சிறு பொது மடங்கு. காரணிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் வருவதும் 2520 ஜோடி. இது தற்செயல்தான், இதில் ரகசியம் தேட வேண்டாம்.

5040 காரணிகளில் ஒற்றைப்படை 720, இரட்டைப்படை 4320, முழு வர்க்கங்கள் 48. 720 = 6!, 5040 = 7!. பசங்களுக்கு இது பிடிக்கும்.

தன் காரணிகளின் எண்ணிக்கையாலேயே அது வகுபடுகிறது: 293318625600 ÷ 5040 = 58198140. எல்லா எண்ணும் இப்படி நடந்துகொள்ளாது. 10க்கு 4 காரணி, 10ஐ 4 வகுக்காது.

காரணிகள் அனைத்தின் கூடுதல் 1642243014720, எண்ணைப்போல் 5.6 மடங்குக்குச் சற்றுக் குறைவு. கணக்கு: 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20. இதில் 127 என்பது 1 + 2 + 4 + … + 64, 121 என்பது 1 + 3 + 9 + 27 + 81, இப்படியே மற்றவை. எண்ணோடு பொதுக் காரணி எதுவும் இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்றால் 50164531200, அதாவது நூற்றுக்குப் பதினேழு.

ஒப்பிட்டுக் காட்ட உள்ளூர் எண்ணையே எடுக்கலாம். பழைய வண்ணாரப்பேட்டை பின்கோடு 600021 = 3³ × 71 × 313, காரணிகள் 16. ராயபுரம் 600013 = 53 × 11321, நான்கே காரணி. சாதாரண எண்கள் இப்படித்தான் இருக்கும் என்று காட்டினால்தான் 5040இன் கனம் தெரியும்.


கொருக்குப்பேட்டை டியூஷன்:

ரொம்ப நன்றி சார். மூணு புரோகிராமிலும் மிண்ட் முனை சொன்ன இடத்திலேயே தப்பு இருந்துது, திருத்தியாச்சு, மூணும் 5040. ஆனா இரண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. சின்ன எண் எதுக்கும் இது கிடையாதுன்னு சொல்றது எப்படி?


தேரடி கணக்கர்:

29 ஆயிரம் கோடியைச் சோதிக்க வேண்டாம். இரண்டு கவனிப்புகள் போதும்.

ஒன்று: காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டுமே பார்க்கிறது, அந்த அடுக்கு எந்தப் பகா எண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. 2² × 3⁵க்கும் 2⁵ × 3²க்கும் ஒரே 18. இரண்டாவது சிறியது. ஆகவே பெரிய அடுக்கு சிறிய பகா எண்ணில், அடுக்குகள் ஏறாமல் இறங்குவரிசையில், நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடாமல் இருக்கிற எண்களை மட்டும் பார்த்தால் போதும். நம் எண்ணின் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

இரண்டு: கடைசிப் பகா எண் எது என்று பிரித்துக்கொண்டு, அதுவரையான பகா எண்களை ஒவ்வொரு தடவை பெருக்கி அடித்தளமாக வையுங்கள். நம் எண்ணுக்குள் அடங்க, அதன்மேல் எவ்வளவு பெருக்க இடமிருக்கிறது என்று பாருங்கள்.

31 வரை: அடித்தளம் 200560490130. இரண்டால் பெருக்கக்கூட இடமில்லை. 2048 காரணியோடு முடிந்தது.

29 வரை: அடித்தளம் 6469693230. 45 வரை பெருக்கலாம். 36ஐப் போட்டால் 4096, 24ஐப் போட்டால் 3840, 32ஐப் போட்டால் 3584. 4096தான் உச்சம்.

23 வரை: அடித்தளம் 223092870. 1314 வரை இடம். இங்கேதான் போட்டி. 720, 960, 1152, 1260, 1296 எதைப் போட்டாலும் 4608. ஏதோ சுவரில் மோதுகிற மாதிரி அதே எண் வருகிறது. 1080 மட்டும் தாண்டி 4800 கொடுக்கிறது. அதைத் தாண்டணும் என்றால் 1440 வேண்டும் (5376 காரணி), அதற்கு இடமில்லை.

19 வரை: அடித்தளம் 9699690. நம் எண் இதைப்போல் சரியாக 30240 மடங்கு. 30240க்குக் கீழே 28800, 25200, 20160 மூன்றும் 4608, 21600 கொடுப்பது 4480, 27720 கொடுப்பது 4320. 30240இல்தான் 5040 முதன்முதலாகத் தொடப்படுகிறது. சும்மா ஒரு தகவல்: 30240இன் காரணிகளைக் கூட்டினால் சரியாக அதன் நான்கு மடங்கு, 120960, வரும். அந்தக் குணம் உள்ள எண்களில் அதுதான் மிகச் சிறியது.

17லேயே நின்றுவிட்டால் 5040க்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

23, 19 இரண்டு பிரிவையும் கையால் முழுதாகப் போட நேரம் பிடிக்கும். அதற்குப் புரோகிராம் எழுதுவது எளிது, மிண்ட் முனை சொல்லட்டும்.


மிண்ட் முனை:

எழுதலாம், சின்ன ரிகர்ஷன்தான், அதாவது தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷன். பகா எண் 2இல் ஆரம்பி. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அடுக்கு 1லிருந்து, முந்தையதன் அடுக்கு வரை மட்டும். ஒவ்வொரு நிலையிலும் (எண், காரணி எண்ணிக்கை) ஜோடியைப் பட்டியலில் சேர். எண் உச்சவரம்பைத் தாண்டினால் திரும்பு. 2க்கு அடுக்கு 38 வரை போகலாம், பகா எண்கள் 31 வரை போதும். கடைசியில் பட்டியலை எண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்து, இதுவரை கண்ட உச்சத்தைத் தாண்டுகிற ஜோடிகளை மட்டும் அச்சிடு. கண்மூடித் திறப்பதற்குள் முடியும்.

மூன்று இடத்தில் சறுக்கும். பெருக்கிவிட்டு வரம்பைச் சோதிக்காதீர்கள். ‘எண் ≤ வரம்பு ÷ பகா’ என்று முதலில் சோதித்துவிட்டுப் பெருக்குங்கள். உச்சத்தைத் தாண்டினால் மட்டுமே அச்சிட வேண்டும். சமமாக இருந்தாலும் என்று போட்டால் 6க்கு அடுத்து 8 உள்ளே வந்துவிடும், இரண்டுக்கும் 4 காரணி. மூன்றாவது, வேகமாக ஓட வேண்டும் என்று சொந்தமாக வெட்டுவது. ‘7க்கு மேல் எல்லாவற்றுக்கும் அடுக்கு 1 போதும்’ என்பது சரி, ‘7க்கும் 1 போதும்’ என்று ஒரு படி முன்னால் வெட்டினால் நம் எண்ணே காணாமல் போகும். 2க்கு 6 அடுக்கோடு நிறுத்தினால் 128501493120 போய்விடும், அதில் 2⁷ இருக்கிறது.


ராயபுரம் ரயிலடி:

சார்ட்டில் வரலாறும் வரும் என்பதால் இதைச் சொல்கிறேன். ‘துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது ராமானுஜன் போட்ட அட்டவணை’ என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் ஊர்ப்பாசத்தில் எழுதிவிடுவார்கள். மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டில் அவர் சேர்ந்தது 1912 மார்ச் 1, மாதம் 30 ரூபாய் சம்பளம். 1914 மார்ச் 17 அன்று இந்தத் துறைமுகத்திலிருந்துதான் ‘நெவாசா’ கப்பலில் கிளம்பினார். அட்டவணை உள்ள கட்டுரை லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் 1915இல், அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது வந்தது. இந்த ஆய்வுக்குத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. அப்போது அச்சில் வராமல் நின்ற பகுதி 1997இல் நிக்கோலா, ரோபான் இருவரின் குறிப்புகளோடு வெளியானது.

அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் 6746328388800, அதற்கு 10080 காரணிகள். 240940299600 (4800 காரணி) முடிந்ததும் நேராக 321253732800 (5376 காரணி) வந்துவிடும். நடுவில் இருக்க வேண்டியது 293318625600. விடுபட்டதால் கட்டுரையின் தேற்றம் எதுவும் ஆட்டம் காணவில்லை, ஒரு வரிதான் குறைவு. ‘ராமானுஜன் தப்பு’ என்று தலைப்புப் போட்டு விளையாட வேண்டாம் என்பது என் கருத்து. கையால் போட்ட அட்டவணையில் ஒன்றுதான் விடுபட்டது என்பதே தலைப்புக்குப் போதும்.

பி.கே. சீனிவாசன் 1993இல் ராயபுரத்தில் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிப் போங்கள், கூப்பிடு தூரம்தான்.


தேரடி கணக்கர்:

ரயிலடி சொன்ன அந்த இரண்டு அண்டை எண்களை வைத்துத்தான் 23இன் கதையைச் சொல்ல வேண்டும். ஏன் விடுபட்டது என்று ஊகிப்பதைவிட, விடுபட ஏற்ற இடத்தில் இந்த எண் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது பயன்.

13967553600 என்று ஓர் எண். 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19, காரணிகள் 2688. ஹைலி காம்போசிட் எண்களுக்குள்ளேயே ராமானுஜன் தனியாகப் பிரித்தெடுத்த ‘சுப்பீரியர்’ வகையில் இது ஒன்று. அந்த வகையில் இதற்கு அடுத்தது 321253732800. 13967553600ஐ 23ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். புதிய பகா எண் நுழைவதால் காரணிகள் அப்படியே இரட்டிப்பாகி 5376.

இப்போது 23க்குப் பதில் 21ஆல் பெருக்குங்கள். 13967553600 × 21 = 293318625600. 21 = 3 × 7. 3இன் அடுக்கு 3லிருந்து 4 ஆவதால் காரணிகள் 5/4 மடங்கு, 7இன் அடுக்கு 1லிருந்து 2 ஆவதால் 3/2 மடங்கு, சேர்ந்து 1.875 மடங்கு. 2688 × 1.875 = 5040. எம்.சி. ரோட்டில் துணி எடுக்கிற கணக்குதான்: 23 ரூபாய்க்கு 2 மடங்கு, 21 ரூபாய்க்கு 1.875 மடங்கு. இரண்டு ரூபாய் மிச்சம், கொஞ்சம்தான் குறைவு.

முந்தைய எண் 240940299600 அதே அளவுகோலில் 17.25 மடங்கு. ஆக வரிசை 17.25, 21, 23. நடு எண்ணை எடுத்துவிட்டால் 23 ÷ 17.25 = சரியாக 4/3 என்ற இடைவெளி நிற்கும். அந்தப் பகுதியில் 4/3, 3/2 இடைவெளிகள் சகஜம் என்பதால் கண்ணை உறுத்தாது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். நம் எண்ணிலிருந்து 28ஐ (2² × 7) எடுத்துவிட்டு 23ஐப் போட்டால் முந்தைய எண். 21ஐ எடுத்துவிட்டு 23ஐப் போட்டால் அடுத்த எண். 23 இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில், 23 இல்லாமல், அதற்குப் பதிலாக 7ஐ இரண்டு தடவை வைத்துக்கொண்டு நிற்கிறது.

அதற்குக் குடும்பமும் உண்டு. நம் எண்ணை 6, 4, 3, 2ஆல் வகுத்தால் வருகிற 48886437600, 73329656400, 97772875200, 146659312800 நான்கும் ஹைலி காம்போசிட் பட்டியலில் உள்ளவை. காரணிகள் முறையே 3456, 3600, 4032, 4320. எல்லாவற்றிலும் 7² உண்டு, 23 கிடையாது. இந்த வரிசையின் கடைசி உறுப்பு நம் எண். இதை இரட்டித்துப் பார்த்தால் 586637251200க்கு 5760 காரணி. ஆனால் அதே 5760ஐ 481880599200 முன்பே எட்டிவிட்டது, அதிலும் 23 இருக்கிறது. நம் எண்ணுக்குப் பிறகு ராமானுஜன் அட்டவணை முடியும் வரை வருகிற எல்லா எண்ணையும் 23 வகுக்கும்.


எருக்கஞ்சேரி கார்னர்:

22னு போட்டதும் சரி, 15! பேச்சை விட்டதும் சரி. கால்குலேட்டர்ல காட்டலாமா? பார்க்க வர்றவங்க கையில அதுதான் இருக்கும்.


மிண்ட் முனை:

கடைகளில் இருக்கிற 12 இலக்கக் கால்குலேட்டரில் நம் எண் விளிம்போடு விளிம்பாக உட்காரும், ஓர் இலக்கம்கூட மிச்சமில்லை. 10 இலக்கத்தில் அடிக்கவே முடியாது. பகாக் காரணி பட்டன் உள்ள சயின்டிபிக் கால்குலேட்டர்களும் 10 இலக்கத்தோடு நின்றுவிடும். கடைசி இரண்டு சுழியத்தை எடுத்துவிட்டு 2933186256 என்று கொடுங்கள். 2⁴ × 3⁴ × 7² × 11 × 13 × 17 × 19 என்று வரும். எடுத்த 100இன் 2² × 5²ஐத் திரும்பச் சேர்த்தால் 2⁶, 5². சேர்க்க மறந்தால் காரணிகள் 5 × 5 × 3 × 16 = 1200 என்று வரும், நாலாவது தப்பு விடை.

எக்செலில் 12 இலக்கம் அடித்தால் ஜெனரல் அமைப்பில் 2.93319 என்று ஆரம்பித்து அடுக்கோடு காட்டும். உள்ளே எண் முழுதாகத்தான் இருக்கிறது. செல் அமைப்பை நம்பர் என்று மாற்றித் தசம இடத்தை 0 ஆக்குங்கள். மாற்றாவிட்டால் அந்த 2.93319ஐ அப்படியே பார்த்து 293319000000 என்று சார்ட்டில் எழுதிவிடப் போகிறார்கள்.


கொருக்குப்பேட்டை டியூஷன்:

எழுதியாச்சு சார். மேல தலைப்புல 293,318,625,600, அதுக்குக் கீழ எழுத்துல ‘இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று கோடியே’ன்னு ஆரம்பிச்சு…


ராயபுரம் ரயிலடி:

நிறுத்துங்க. மூணு மூணா காற்புள்ளி போட்டால் 293க்குப் பக்கத்தில் வருவது பில்லியன், கோடி இல்லை. நம்ம முறையில் 2,93,31,86,25,600. கடைசி ஏழு இலக்கத்தை விட்டால் கோடி: இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. ஒயிட்னர் இருக்குதானே?